கித்தாரும் கையுமாய்



இம்மாதம் ஒரு பாட்டுக்காரரைப் பற்றி எழுத விழைகின்றோம். அவர் புனிதருமல்லர், மறைப்பணியாளருமல்லர். கோவா மாநிலத்தின் வடபகுதியில், சப்போரா ஆற்றங்கரையிலுள்ள சியோலிம் என்னும் ஊரைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. பெயர் ரெமோ பெர்னாண்டஸ். 1953ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள் பிறந்தவர். ஒரு கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு, தாமே பாட்டெழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடி, தம் சொந்த ஊரையே தம் பாட்டுக்குப் பொருளாக்கிக்கொண்டவர். நடுவணரசு 2007ஆம் ஆண்டில் இவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று.

குடும்ப ஏட்டில் இவருக்கு என்ன வேலை என்று வினவுவோர் சற்றே பொறுத்தருள்க. தேங்காய்ப்பட்டணம், முள்ளூர்துறை, இராமன்துறை, இனயம் என்று நீளும் நம் கடற்கரையில் மாலை வேளையில் நடந்து செல்வோர், தூண்டில் வளைவுப் பாறைகளின்மேல் அமர்ந்து கித்தார் மீட்டும் இளைஞர்களைக் காணலாம். அவர்களைக் கடந்து செல்லும் பெரியவர்களின் முகச்சுளிப்பையும் கூடவே காணலாம். அந்த முகச்சுளிப்பு எவ்வளவு தூரம் நியாயமானது என்பதே நமது வினா. அதற்கு விடை தேடிச் சற்றுத் தொலைவிலுள்ள, ஆயினும் நம்மைப் போன்றே கடலையும் கோவிலையும் நம்பி வாழும் ஒரு கரைக்குப் போய்வருவோம்.

முதலில் அக்கருவியைப் பற்றி இரண்டொரு சொல். கித்தாருக்குத் தந்திகள் ஆறு. கீழ்ச்சுரத் தந்திகளை வலக்கைப் பெருவிரல் மீட்ட, மேற்சுரத் தந்திகளை மற்ற விரல்கள் மீட்டும். இடக்கை விரல்கள் தந்திகளைச் சேர்த்தழுத்தி மூன்று நான்கு சுரங்களை ஒருசேர ஒலிக்கச் செய்யும். இதனையே 'கார்டு' என்று நம் பாடற்குழுப் பிள்ளைகள் சொல்கின்றனர். ஆகவே தாளமும் அடிச்சுரமும் சுரக்கூட்டும் ஓர் ஆளின் இரு கைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. வாயோ பாடுவதற்கு விடுதலையாக இருக்கின்றது. நாகசுரம் வாசிப்பவர் வாசித்துக்கொண்டே பாட இயலாது. வீணையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்தில் ஏற இயலாது. கித்தார் ஒன்றுதான் பக்கவாத்தியக்காரருக்குக் கூலி கொடுக்க வழியற்றவனையும் ஊர் ஊராய் அழைத்துச் செல்கிறது. 1930களில் அமெரிக்க நாட்டில் புழுதிப் புயலால் நிலமிழந்து பிழைப்புத் தேடிச் சென்ற உழவர்களின் துயரைப் பாடிய உட்டி கத்ரி இக்கருவியோடுதான் அலைந்தார். அவரைக் குருவாக எண்ணிப் பாட வந்த பாப் டிலனுக்கு 2016ஆம் ஆண்டில் இலக்கியத்துக்கான நோபல் பரிசே கிடைத்தது. எனவே இது வேலையற்றவன் கைப்பொருள் என்று தள்ளிவிட வேண்டுவதில்லை.

இனிக் கோவாவுக்கு வருவோம். இந்தியத் திரை இசை வரலாற்றில் அச்சிறு நிலப்பரப்பு கொடுத்த அளவுக்கு வாத்தியக்காரர்களைக் கொடுத்த பகுதி பிறிதொன்று இருக்குமா என்பது ஐயமே. இதற்குக் காரணம் இரத்தத்தில் இசை ஊறியிருந்தது என்பதன்று. இரத்தத்தில் எதுவும் ஊறுவதில்லை. கற்பித்தால் வருகிறது, கற்பியாவிடில் போகிறது. போர்ச்சுகீசியர் ஆட்சிக்காலத்தில், 16ஆம் நூற்றாண்டு தொடங்கி, அங்கே பங்குக் கோவில்களை ஒட்டிப் பள்ளிகள் எழுந்தன. அப்பள்ளிகளில் பாட்டாசிரியர் ஒருவர் இருப்பார். திருவழிபாட்டில் பாடவும் வயலின் வாசிக்கவும் சிறுவர்களைப் பழக்குவது அவர் கடமை. எழுத்தறிவோடு சுரக்குறிப்பைப் பார்த்துப் பாடும் அறிவும் ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது. 1542இல் கோவாவில் இறங்கிய நம் புனித சவேரியார் கையில் மணியை அடித்துத் தெருத்தெருவாய்ச் சிறுவர்களைக் கூட்டி, மறையுண்மைகளைப் பாட்டாகவே கற்பித்தார் என்பதும், 1544இல் நம் கரைக்கும் அதே முறையோடு வந்தார் என்பதும் நம் வாசகர்கள் அறிந்ததே.

இவ்வாறு கற்ற கோவாப் பிள்ளைகள் பிழைப்புத் தேடிப் பம்பாய்க்குச் சென்றனர்; கப்பல்களிலும் உணவு விடுதிகளிலும் வாசித்தனர்; 1940களிலிருந்து இந்தித் திரைப்பட வாத்தியக் குழுக்களை நிரப்பினர். இசையமைப்பாளர் மெட்டை வாயால் பாடிக் காட்டுவார். அதற்கு இருபது வயலின்கள் என்ன வாசிக்க வேண்டும், குழல் எங்கே நுழைய வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுப்பவர் பெரும்பாலும் ஒரு கோவாக்காரராக இருப்பார். செபாஸ்டியன் டிசூசா, அந்தோணி கொன்சால்வஸ் போன்றோர் இப்பணியில் தலைசிறந்தவர்கள். ஆயினும் படத்தின் பெயர்ப்பட்டியலில் இவர்களுக்கு உரிய இடம் கிடைத்தது அரிது. 1977இல் வந்த 'அமர் அக்பர் அந்தோணி' படத்தில் உயிர்ப்பு விழாக் கொண்டாட்டத்தில் பெரியதொரு முட்டையை உடைத்துக்கொண்டு அமிதாப் பச்சன் வெளிவந்து, தம் பெயர் அந்தோணி கொன்சால்வஸ் என்று பாடும் காட்சியைப் பலர் கண்டு சிரித்திருப்பீர்கள். அப்பெயர் கற்பனைப் பெயரன்று. இசையமைப்பாளர் பியாரேலால் தமக்கு வயலின் கற்பித்த ஆசிரியரின் பெயரையே நன்றியோடு அப்பாட்டில் வைத்தார். நாடே அப்பெயரைப் பாடிற்று. அப்பெயருக்கு உரிய மனிதர் மஜோர்டா ஊரைச் சேர்ந்தவர் என்பதையும், 2012 வரை வாழ்ந்தார் என்பதையும் அறிந்தவர் எத்தனை பேர்?

கை தேர்ந்த கைதான். வாசித்ததோ பிறருடைய பாட்டு. கோவாவின் இசைக்கலைஞர் வாழ்வில் இருந்த பெருங்குறை இதுவே. ரெமோவின் வாழ்க்கையை நாம் பொருட்படுத்துவது இவ்விடத்தில்தான்.

சிறுவன் ரெமோவுக்கு ஏழு வயதிருக்கும்போது இலண்டனிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர் ராக் அண்ட் ரோல் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அதைக் கேட்ட நாள்முதல் பிள்ளைக்கு வேறு நினைவில்லை. 1961 டிசம்பரில் போர்ச்சுகீசியர் ஆட்சி முடிந்தபோது அவருக்கு வயது எட்டு. பள்ளியில் நண்பர்களோடு ஒரு குழு அமைத்தார். பின்னர்ப் பம்பாய் சென்று கட்டடக்கலை படித்துப் பட்டம் பெற்றார். அந்நகரில் பெயர்பெற்றிருந்த 'சாவேஜஸ்' என்னும் குழுவிலும் பாடினார். இவ்வளவும் ஆன பின்பு, 1977 முதல் 1980 வரை ஐரோப்பாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வழிப்போக்கராய்ச் சுற்றியலைந்தார்.

அதன்பின் அவர் செய்ததுதான் வழக்கத்துக்கு மாறானது. பம்பாய்க்குப் போகவில்லை, வெளிநாட்டிலும் தங்கவில்லை. சியோலிமிலுள்ள மூதாதையர் வீட்டுக்குத் திரும்பினார். ஆங்கிலத்தில் தாமே எழுதிய பாட்டை, அதுவும் ஒரு சிற்றூரைப் பற்றிய பாட்டை, விலைகொடுத்து வெளியிடத் துணிவோர் அந்நாளில் இல்லை. இசைத்தட்டுத் தொழில் அதுகாறும் பெருநிறுவனங்களின் கையில் இருந்தது. தட்டு அச்சிடும் ஆலை வைத்திருப்பவர் மனம் வைத்தாலன்றி எவர் பாட்டும் கடைக்கு வராது. ஒலிநாடா வந்து இந்நிலையைக் குலைத்தது. நாடாவில் பதியப் பெரிய ஆலை வேண்டுவதில்லை. 1979இல் சப்பானிய நிறுவனம் ஒன்று, சாதாரண ஒலிநாடாவிலேயே நான்கு தடங்களைத் தனித்தனியே பதியக்கூடிய சிறு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இத்தகைய நான்கு தடப் பதிவு முறையில்தான் ரெமோ தம் வீட்டில் வேலையைத் தொடங்கினார்.

அம்முறை எப்படி வேலை செய்கிறதென்று இளைஞர்கள் அறிவது நன்று. முதல் தடத்தில் கித்தாரை வாசித்துப் பதிய வேண்டும். அதைக் காதில் கேட்டுக்கொண்டே இரண்டாம் தடத்தில் அடிச்சுரத்தையும், மூன்றாம் தடத்தில் தாளத்தையும் பதிய வேண்டும். பிறகு இம்மூன்றையும் ஒன்றாகக் கலந்து நான்காம் தடத்துக்கு மாற்றினால் முன்னைய மூன்று தடங்களும் மீண்டும் வெற்றிடமாகும். அவற்றில் குழலையும் பாட்டையும் துணைக்குரலையும் சேர்க்கலாம். ஆனால் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஒலியின் தெளிவு சற்றுக் குறையும், நாடாவின் இரைச்சல் சற்று மிகும். தவறாகக் கலந்துவிட்டால் பின்னர்ப் பிரிக்க இயலாது; முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒருவர் தமக்குத் தாமே பக்கவாத்தியக்காரராகி, பல நாள் பொறுமையோடு ஒரு பாட்டை அடுக்கிக் கட்டும் வேலை இது. கட்டடக்கலை படித்தவருக்கு அது இயல்பாய் வந்திருக்கலாம் என்பது நமது ஊகம்.

இப்படி உருவான 'கோவன் கிரேசி' என்னும் தொகுப்பு 1984இல் வந்தது. பாட்டு, மெட்டு, வாத்தியம், குரல், ஒலிப்பதிவு, உறைக்கு ஓவியம் யாவும் அவரே. அதோடு முடிந்ததா? நாடாக்களை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கடை கடையாய்ச் சென்று கொடுத்தவரும் அவரே. பட்டம் பெற்ற ஒருவர், தம் குரலைத் தாமே சுமந்து தெருவில் விற்பதை எண்ணிப்பாருங்கள். நம் தாய்மார் மீன்கூடையைத் தலையில் ஏற்றிப் புதுக்கடை, கருங்கல், மார்த்தாண்டம் என்று விற்றுவருவதில் என்ன மதிப்போ, அதே மதிப்பு அவர் செயலுக்கும் உண்டு.

மறு ஆண்டு 'ஓல்டு கோவன் கோல்டு' என்ற பெயரில் கோவாவின் பழம்பாட்டுகளைப் புது வாத்தியத்தோடு வெளியிட்டார். பாட்டிமார் திருமண வீடுகளில் பாடியவற்றைப் பேரப்பிள்ளைகள் நாடாக்கடையில் கேட்டு வாங்கினர். 1986இல் 'பேக் தட் ஸ்மாக்' வந்தது. ஸ்மாக் என்பது ஹெராயின் என்னும் கொடிய போதைப்பொருளுக்கு வழங்கும் கொச்சைப் பெயர். கோவாக் கடற்கரைகளுக்கு வெளிநாட்டார் வந்து குவிந்த காலம் அது. போதையும் உடன் வந்தது. ஊர்ப்பிள்ளைகளும் அதில் வீழ்ந்தனர். நீண்ட முடியும் கித்தாருமாகத் திரிபவர்தாம் போதைக்கும் தூதுவர் என்று ஊரார் எண்ணிய நாளில், அதே கோலத்திலிருந்த ஒருவர் அதை மூட்டைகட்டி எறியச் சொல்லிப் பாடினார். நாம் பீடத்திலிருந்து சொல்லியிருந்தால் அப்பிள்ளைகள் கேட்டிருப்பார்களா? கேட்டிருக்கமாட்டார்கள் என்பதை ஒளிவின்றிச் சொல்ல வேண்டியதுதான்.

அவ்வாண்டே அன்றைய கிழக்கு செர்மனியின் திரெஸ்டன் நகரில் நடந்த பன்னாட்டுப் பாட்டு விழாவில் பரிசுகள் பெற்றார். எண்பதுகளின் நடுவில் அன்றைய தலைமை அமைச்சர் ராஜீவ் காந்தியின் முன்னிலையில் பாடும் வாய்ப்பு வந்தபோது, புகழ்மாலை சூட்டாமல் கோவாவின் குறைகளையே பாட்டாக்கி அவர் செவியில் ஏற்றினார். உள்ளூர் அரசியலாருக்கு அது உவப்பாய் இராதென்பதைச் சொல்ல வேண்டுமோ? ஊரைப் பற்றிப் பாடுவதென்றால் தென்னை மரத்தையும் நிலவையும் பாடிவிட்டு அமர்வதன்று. ஊருக்குள் எல்லாரும் அறிந்தும் வாய்திறவாத ஒன்றைச் சொல்லும்போதுதான் அது ஊர்ப்பாட்டாகிறது.

பின்னர்ப் பம்பாயே அவரைத் தேடி வந்தது. சியாம் பெனகல் கோவாவில் படமாக்கிய 'திரிகால்' (1985), அதன்பின் 'ஜல்வா' (1987) ஆகிய படங்களில் அவர் குரல் ஒலித்தது. மணிரத்தினத்தின் 'பம்பாய்' (1995) படத்தில் தமிழில் ரகுமான் பாடிய அரபிக்கடலோரப் பாட்டை இந்தியில் பாடியவர் ரெமோவே. அப்பாட்டைத் தமிழில் கேட்டுக் களித்த நம்மவருள் இதை அறிந்தவர் சிலரே.

இவர்மீது நமக்குக் குறை ஏதும் இல்லையா எனின், உண்டு. அவர் புகழ்பெற்ற பாட்டுகளில் மிகுதியானவை ஆங்கிலத்தில் அமைந்தவை. கொங்கணி மொழிக்கு உழைத்தவர் என்று சொல்ல வேண்டுமாயின், நாடக மேடையிலும் வானொலியிலும் ஆயிரக்கணக்கில் கொங்கணிப் பாட்டுகளைப் பாடி 2003இல் மறைந்த அல்பிரட் ரோஸ் போன்றோரையே முன்வைக்க வேண்டும். சியோலிமில் மீன் விற்கும் மூதாட்டிக்கு 'கோவன் கிரேசி' எவ்வளவு விளங்கியிருக்கும்? திரைப்படப் பாட்டுகளுள் சிலவற்றை அவர் பாடாமலே இருந்திருக்கலாம் என்றும் நமக்குத் தோன்றுவதுண்டு. பிற்காலத்தில் அவர் போர்ச்சுகல் நாட்டில் குடியேறினார். இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. வீட்டுக்கொரு பிள்ளையை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நமக்கு, பிறரைப் பார்த்து நீ ஏன் ஊரைவிட்டுப் போனாய் என்று கேட்கும் உரிமை இல்லை. 2021இல் தம் வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார்; அன்னை தெரேசாவின் வாழ்வை வைத்து ஓர் இசை நாடகமும் படைத்துள்ளார்.

தமிழில் இவ்வாறு ஒருவரும் இல்லையோ என்று கேட்பீர்கள். இருந்தனர், நமக்கு மிக அருகிலேயே, கடலுக்கு அப்பால். 1960களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்து நித்தி கனகரத்தினம் கித்தாரைக் கையிலெடுத்து யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழிலேயே பாட்டுக் கட்டினார். கள்ளுக்கடைப் பக்கம் போக வேண்டாமென்று அவர் பாடிய பாட்டு தமிழர் வாழும் நாடெங்கும் சென்றது. குடிக்கு எதிராக நாம் ஆற்றிய மறையுரைகளில் ஒன்றாவது அவ்வளவு தூரம் சென்றிருக்குமா? இலங்கையில் 'பைலா' என்று வழங்கும் துள்ளல் இசைக்கும் வேர் போர்ச்சுகீசியரிடந்தான் இருக்கிறது. கோவாவில் விதைத்தவர்களே அங்கும் விதைத்தனர்.

நம் கரையில் விதை இல்லாமலில்லை. கரமடி வலையை இரு புறமும் நின்று இழுக்கும்போது நம் முன்னோர் பாடிய அம்பாப் பாட்டுகள் இருந்தன. ஒருவர் முதலடி எடுக்க, மற்றவர் இழுக்கும் மூச்சோடு சேர்ந்து பதிலடி சொல்வர். துடுப்புப் போட்ட காலத்தில் துடுப்பின் தாளத்துக்குப் பாட்டிருந்தது. படகில் இயந்திரம் வந்தது. அதன் இரைச்சலில் பாட்டு அடங்கிற்று. தொழில் எளிதானதற்கு நாம் வருந்தவில்லை. பாட்டின் இடத்தில் வேறொன்று வரவில்லையே என்றுதான் எண்ணுகிறோம். தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்தின் வாயிலில் மணல் மேடிட்டு, அலை எழும்பிப் படகு கவிழ்ந்து எத்தனையோ பேர் மாண்டனர். 2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் நம் கரையோர ஊர்களின் ஆண்மக்களைக் கொண்டுபோயிற்று. கோவில் முற்றத்தில் அவர்கள் படங்களை வரிசையாய் வைத்து மெழுகுதிரி ஏற்றினோம். அன்று ஒலிபெருக்கியில் ஒலித்தவை எங்கோ, எவருக்கோ எழுதப்பட்ட துயரப் பாட்டுகள்.

ஊரை ஊரின் சொல்லாலேயே எழுத இயலும் என்பதற்கு நம் தேங்காய்ப்பட்டணமே சான்று. தோப்பில் முகமது மீரான் (1944–2019) இவ்வூரில் பிறந்தவர்; பள்ளியில் மலையாளம் படித்தவர்; திருநெல்வேலியில் மிளகாய் வணிகம் செய்து பிழைத்தவர். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை இத்தெருக்களின் பேச்சிலேயே எழுதினார். அது 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து, பின்னர் 1988இல் நூலாயிற்று. ஊரில் உள்ள குறைகளை, தம் சமூகத்தின் குறைகளையும் சேர்த்தே, மறைக்காமல் எழுதினார். 'சாய்வு நாற்காலி'க்கு 1997இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. மிளகாய் மூட்டைகளுக்கிடையே அமர்ந்து அவர் செய்ததைக் கித்தாரோடு ஒருவர் செய்யக் கூடாதா?

இவ்வளவையும் எழுதத் தூண்டியது ஒரு தாயின் முறையீடு. சில மாதங்களுக்கு முன் ஞாயிறு திருப்பலிக்குப் பின் அவர் தம் மகனையும் கையோடு இழுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். "சாமி, இவனிட்ட நீங்களே ஒண்ணு சொல்லுங்க. கல்ஃபுக்குப் போவச் சொன்னா மாட்டேங்கான். எப்பப் பாத்தாலும் அந்தக் கித்தாரும் கையுமாத்தான் இருக்கான். இதெல்லாம் நமக்குச் சோறு போடுமா?" என்றார். தகப்பனார் ஆழ்கடல் தொழில் செய்பவர். வீட்டில் மணமாகாத இரண்டு பெண்மக்கள். அந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட நம்மால் இயலவில்லை. ரெமோவுக்குத் திரும்பி வர மூதாதையர் வீடு இருந்தது. கையில் கட்டடக்கலைப் பட்டம் இருந்தது. நம் பிள்ளைக்கு இருப்பது கடன் பத்திரமும் படகில் ஒரு பங்குந்தான். கலைக்காக அனைத்தையும் விடு என்று இவனிடம் சொல்வது, பிறர் வீட்டுச் சோற்றைப் பணயம் வைத்துச் சூதாடுவதாகும்.

நாம் பையனிடம், "எத்தனை பாட்டு வாசிப்பாய்?" என்றோம். எண்பதுக்கு மேல் என்றான். "அவற்றுள் உன் பாட்டு எத்தனை?" என்றோம். தலையைக் குனிந்துகொண்டான். எண்பதும் திரைப்பாட்டு. பம்பாய்க்குப் போன பழைய கோவா வாத்தியக்காரர்களாவது பிறர் பாட்டை வாசித்துக் கூலியாவது பெற்றனர். இவனுக்கு அதுவும் இல்லை. தாயின் கோபத்தில் பாதி நியாயம் என்று நமக்கு அப்போதே பட்டது. ஆனால் அவர் கோபம் கித்தாரின்மேல் இருந்தது. நமக்கோ அந்த எண்பது பாட்டின்மேல்.

ஆகவே இருவரிடமும் ஒவ்வொன்று சொன்னோம். மகனிடம், பிழைப்புக்கு ஒரு தொழிலை ஒழுங்காகப் பற்றிக்கொள்ளவும், அதோடு இந்தக் கரையைப் பற்றித் தன் வீட்டுப் பேச்சில் ஒரு பாட்டுக் கட்டி அதை முதலில் துறைமுகத்தில் ஏலக்கூடத்து ஆட்களிடம் பாடிக் காட்டவும் சொன்னோம். கோவிலில் கைதட்டு எளிதில் கிடைத்துவிடும், ஏலக்கூடத்தில் கிடைக்காது. தாயிடம், அவன் அதைச் செய்யும்வரை கித்தாரை ஒளித்துவைக்க வேண்டாமென்றோம். இன்று நான்கு தடப் பதிவுக் கருவி கைப்பேசிக்குள்ளேயே செலவின்றிக் கிடைக்கிறது. ரெமோ நாட்கணக்கில் கட்டியதை ஒரு மாலையில் கட்டிவிடலாம். ஸ்கூட்டரில் சுமக்கவும் வேண்டாம். கிடைக்காதது பாட்டு மட்டுமே.

மூன்று வாரம் கழித்து நான்கு வரியோடு வந்தான். எதுகை தப்பியிருந்தது, மெட்டில் பழைய திரைப்பாட்டின் வாடை இன்னும் போகவில்லை. ஆனால் அவ்வரிகளில் பொழிமுகம் இருந்தது. விடியற்காலை மூன்று மணிக்குக் கட்டுச்சோறு எடுத்துக்கொடுத்துவிட்டுப் படியில் நிற்கும் ஒரு பெண் இருந்தாள். பாட்டைக் கேட்டபோது அவன் தாய் எதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார் என்றான். இப்போது அவன் மார்த்தாண்டத்தில் குளிர்சாதனக் கருவி பழுதுபார்க்கும் வேலை கற்கிறான். ஐந்தாவது வரிக்கு இன்னும் சொல் அகப்படவில்லையாம்.

பங்குக் குடும்பங்களுக்கு இன்னும் ஒன்று. 1963 டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, குழாய் ஆர்கனுக்குப் பெருமதிப்பு அளித்துவிட்டு, வழிபாட்டுக்குத் தகுந்த பிற கருவிகளையும் உரிய அதிகாரிகளின் இசைவோடு சேர்த்துக்கொள்ளலாமென்று அனுமதித்தது. அக்கதவு வழியாகத்தான் நம் கோவில்களில் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் கித்தார் வந்து நின்றது. நாம் குருமடத்தில் பயின்ற நாளில் ஓரிரு தோழர்கள் அதை வாசித்தபோது முகம் திருப்பிக்கொண்ட முதிய குருக்களும் உண்டு, விரைவில் பழகிப்போயினர். இன்று நிலைமை வேறு. பொத்தானை அழுத்தினால் மத்தளமும் வயலினும் தாமே ஒலிக்கும் கீபோர்டு ஒன்று வந்தமர்ந்தவுடன், கித்தார் பழகிய பிள்ளைகள் ஒவ்வொருவராய்ப் பாடற்குழுவிலிருந்து விலகிவிடுகின்றனர். செலவு குறைகிறதென்று பங்குப் பேரவைகளும் மகிழ்கின்றன. பங்கின் செலவில் ஒரு பாட்டாசிரியரை வைத்து வாரம் இரு மாலைகள் சுரக்குறிப்புக் கற்பித்தால் ஆகும் தொகை, திருவிழாவில் ஓர் இரவு வாணவேடிக்கைக்குக் கொளுத்தும் தொகையில் சிறு பகுதியே. அடுத்த பேரவைக் கூட்டத்தில் இதை எவரேனும் எழுப்பட்டும், நாமும் எழுப்புவோம்.

கித்தார் வைத்திருக்கும் வீட்டாருக்கு ஒரு குறிப்பு. எஃகுத் தந்தி உப்புக்காற்றில் விரைவில் துருவேறும். கைவியர்வை படிந்தால் இன்னும் விரைவாகும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழும் துடைத்து, உறையிலிட்டு, கடலைப் பார்த்த சன்னலுக்கு எதிரே மாட்டாமல் உள்ளறையில் வைக்கவும். புதிதாய்ப் பழகும் சிறு பிள்ளைகளுக்கு நைலான் தந்தியிட்ட கருவியே நலம். அது துருவேறாது, பிஞ்சு விரலையும் அறுக்காது.